சித்தியின் சாட்சியத்தை ஐ.நா.வுக்கு அனுப்பிய கதை

2014இல், இலங்கைப் போரில் நடந்த மீறல்களை விசாரிக்க ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம் சாட்சியங்கள் கேட்டது. தமிழிலேயே எழுதலாம், 10 பக்கத்தைத் தாண்டக்கூடாது, அக்டோபர் 30 கடைசித் தேதி. கோத்தகிரியில் எங்களோடு இருக்கும் சித்தி சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி தாத்தா இங்கே தேயிலை வேலைக்கு வந்தபோது சித்தி இலங்கையிலேயே தங்கிவிட்டார். தமிழர்களுக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பின், தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலையகத்தை விட்டு வடக்கே வன்னிக்குப் போன குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. போர் முடிந்துதான் எங்களிடம் வந்தார்.

முதல் சிக்கல் தேதி. வன்னியில் உள்ள புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியில் ஷெல் விழுந்தது எப்போது என்றால், “தைப்பூசத்துக்கு முந்தின கிழமை, மகன்” என்றார். கிழமை என்றால் அவர் பேச்சில் வாரம். 2009இல் தைப்பூசம் பிப்ரவரி 8. சர்வதேச செஞ்சிலுவைக் குழுவும் அந்த மாதத் தொடக்கத்தில்தான் அந்தத் தாக்குதலை அறிவித்திருந்தது. சித்தியின் கணக்கு பிசகவே இல்லை.

அடுத்தது, பார்த்ததையும் கேள்விப்பட்டதையும் பிரிப்பது. இதில்தான் அதிக நேரம் போனது, போகவும் வேண்டும். “எல்லாரும் செத்தார்கள்” என்று எழுதினால் விசாரிப்பவர்களுக்கு உதவாது. எந்த வார்டு, நீங்கள் எங்கே படுத்திருந்தீர்கள், சத்தம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பச்சைத் தேயிலை எடைச் சீட்டின் பின்பக்கம் வாசல், வார்டு, அவர் ஒதுங்கிய சுவர் எல்லாவற்றையும் வரைந்து காட்டினார். அதையும் இணைத்தோம். ஸ்கேன் செய்ய பஜாரில் பிரவுசிங் சென்டருக்குப் போகவில்லை. சாட்சி யார் என்று ஊருக்குத் தெரியக்கூடாது. நண்பர் வீட்டு ஸ்கேனர் போதுமானதாக இருந்தது.

காயப்பட்டவர்களைப் பராமரிக்க வேண்டும் என்று 1949 ஜெனீவா உடன்படிக்கைகளின் பொதுவான மூன்றாம் பிரிவு உள்நாட்டுப் போருக்கென்றே சொல்கிறது. அது இரு தரப்பையும் கட்டும். அதனால் புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததையும் எழுதினோம். உறவினர் ஒருவர் அதை விட்டுவிடச் சொன்னார். கூடாது என்றது சித்திதான். அவர்மேல் எனக்கு மரியாதை இன்னும் கூடியது.

2015 செப்டம்பரில் அறிக்கை வந்தது. ஆஸ்பத்திரிகள்மீது நடந்த ஷெல்லடி அதில் விரிவாகவே இருக்கிறது.

அப்புறம் 2021இல், ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்க ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 46/1 தீர்மானப்படி தனிப் பிரிவு அமைந்தது. வட்டுவாகலில் ராணுவத்திடம் சரணடைந்து திரும்பாத மருமகனைப் பற்றி அவர்களுக்கு எழுத சித்தி இப்போது விவரம் சொல்கிறார். எந்தப் பஸ்ஸில் ஏற்றினார்கள், கூட யார் யார் ஏறினார்கள் என்பதிலிருந்து தொடங்கியிருக்கிறோம்.