அடுத்தவர் பொருளை ஆன்லைன் ஏலத்தில் விற்றுப் பிழைத்த கதை

முதல் போடாமல் தொடங்கக்கூடிய தொழில் என்று இதைச் சொல்வார்கள். சரக்கு நம்முடையது இல்லை, கடை வாடகை இல்லை, விற்றால் கமிஷன். எல்லாம் சரிதான். பணத்துக்குப் பதிலாக இதில் போட வேண்டியது பொறுமை. அதிலும் வாங்குபவரிடம் காட்டுவதைவிட, பொருளைக் கொடுத்தவரிடம் காட்ட வேண்டியது அதிகம். தொடங்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

என் சொந்தப் பொருட்களை ஈபே என்ற ஆன்லைன் ஏலத் தளத்தில் விற்று எனக்கு ஏற்கெனவே பழக்கம் உண்டு. வாங்கியவர்கள் எழுதிய நல்ல ஃபீட்பேக் அதில் சேர்ந்திருந்தது, அதுதான் உண்மையான முதல். புதுக் கணக்கு என்றால் எத்தனை பொருள் போடலாம் என்பதற்கு வரம்பு வைப்பார்கள், விற்ற பணத்தையும் கொஞ்ச காலம் பிடித்து வைப்பார்கள். அடுத்தவர் பொருளை வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தைத் தாண்டுவது நரகம். முதலில் உங்கள் வீட்டு அலமாரியைக் காலி செய்து பழகுங்கள்.

முதன்முதலில் பொருள் கொடுத்தவர் நண்பனின் அம்மா. காலமான கணவரின் பழைய ஃபிலிம் கேமராக்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. "அவர் எவ்வளவு ஆசையா வாங்கினது தெரியுமா தம்பி? நெட்ல இதே கேமரா என்ன விலைக்குப் போட்டிருக்கான்னு நீயே பாரு" என்று போனை நீட்டினார். பார்த்தேன். போட்டிருந்த விலை வானத்தில் இருந்தது. மறுத்துப் பேசாமல், அதே தேடலில் 'விற்றவை மட்டும்' என்ற வடிகட்டியை அழுத்தி, "அம்மா, இதெல்லாம் போட்ட விலை. இது போன விலை" என்று போனைத் திருப்பிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு, "சரிப்பா, போற விலைக்கே போடு" என்றார்.

இன்று வரை நான் எந்தப் பொருளுக்கும் விலை சொல்வதில்லை. பொருள்காரரையே விற்றவற்றின் பட்டியலைப் பார்க்க வைக்கிறேன். நான் சொன்னால் அது குறைத்து மதிப்பிடுவதாகத் தெரியும். பட்டியல் சொன்னால் அது சந்தை.

வாங்கி வந்த கேமராவை அப்படியே படம் எடுத்துப் போட்டுவிட முடியாது. 'வேலை செய்கிறதா தெரியவில்லை' என்று எழுதினால் பாதி விலை அங்கேயே போய்விடும். பின்மூடியைத் திறந்தால் ஓரத்து ஸ்பாஞ்ச் தார்போல இளகி விரலில் ஒட்டும். அது பழைய கேமராக்களில் சகஜம், ஆனால் எழுத வேண்டும். லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் சாய்த்துப் பார்த்தால் பூஞ்சை நூல் நூலாகத் தெரியும். வெளிச்சத்தில் நேராகப் பார்த்தால் அதே லென்ஸ் பளிங்குபோல இருக்கும். ஷட்டரை ஒவ்வொரு வேகத்திலும் அழுத்தி, போனில் ஸ்லோ மோஷன் எடுத்துப் பார்ப்பேன். ஒரு விநாடி வேகம்தான் பெரும்பாலும் சிக்கிக்கொள்ளும். 1960, 70-களின் கேமராக்களில் பல 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்கு வடிவமைக்கப்பட்டவை. அந்த பேட்டரி இப்போது தயாரிப்பில் இல்லை. 1.5 வோல்ட் போட்டால் சில மாடல்களில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் தப்பாகக் காட்டும். மீட்டரில் பழுது இல்லை, பேட்டரிதான் காரணம் என்று விளக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் பின்னால் வரும் சண்டை ஒன்று குறையும்.

அடுத்தது ஒப்பந்தம். தெரிந்தவர்களிடம் எழுதி வாங்குவதற்குச் சங்கடமாகத்தான் இருக்கும். தெரிந்தவர்களிடம்தான் கட்டாயம் எழுதி வாங்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கமிஷன் எந்தத் தொகையின் மேல் கணக்கிடப்படும் என்பது அதில் முதல் வரி. ஈபே போன்ற தளம் பொருளின் விலைக்கு மட்டும் கட்டணம் பிடிப்பதில்லை. வாங்குபவர் கொடுக்கும் அனுப்பும் செலவையும் சேர்த்த மொத்தத்தின் மேல் பிடிக்கிறது. அந்தக் கட்டணம் யார் தலையில் என்று தெளிவாக எழுதாவிட்டால், விற்ற அன்று சந்தோஷமாக இருந்த பொருள்காரர் கணக்கைப் பார்த்த அன்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். என் வழக்கம் இது: தளத்தின் கட்டணம் முதலில் கழியும், மிச்சத்தில் விலை குறைந்த பொருளுக்குப் பாதி எனக்கு, விலை ஏற ஏற என் பங்கு மூன்றில் ஒன்று, கால் என்று இறங்கும். மலிவான பொருளுக்கும் அதே படம், அதே விளக்கம், அதே பேக்கிங் என்பதால் இது நியாயம்தான். முதலில் முனகுகிறவர்களும் ஒருமுறை பேக்கிங் செய்வதைப் பார்த்தால் ஒத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது வரி, பணம் எப்போது கைக்கு வரும் என்பது. பொருள் கைக்கு வந்து 30 நாட்களுக்குள் 'விளக்கத்தில் சொன்னபடி இல்லை' என்று வாங்கியவர் ஈபேயில் புகார் செய்யலாம். புகார் சரி என்று முடிவானால் பணம் திரும்பப் போகும். அதற்குள் பொருள்காரரிடம் கொடுத்துவிட்டால் அவரிடம் போய்த் திருப்பிக் கேட்பது யார்? எனவே அந்தக் காலம் முடிந்த பிறகே தருகிறேன். அதுவரை அந்தப் பணம் தனி வங்கிக் கணக்கில் இருக்கும். என் பணத்தோடு அது ஒரு நாளும் கலக்கக் கூடாது. கையில் இருப்பதெல்லாம் நம் பணம் என்று தோன்றத் தொடங்கினால் இந்தத் தொழில் அதோடு முடிந்தது.

மூன்றாவது வரியை எழுதும்போது சும்மா சம்பிரதாயத்துக்குத்தான் சேர்த்தேன்: 'இந்தப் பொருள் என்னுடையது, விற்க எனக்கு முழு உரிமை உண்டு.' அதன் அருமை ஒரு கைக்கடிகாரத்தில் தெரிந்தது. அண்ணன் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஏலம் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது தங்கை போன் செய்தார். "அது எங்க அப்பாவோடது. யாரைக் கேட்டு விக்கிறீங்க?" நான் குடும்பத்துக்குள் நுழையவில்லை. கையெழுத்துப் போட்ட தாளின் படத்தை இருவருக்கும் அனுப்பி, நீங்கள் பேசி முடியுங்கள் என்று சொல்லிவிட்டு ஏலத்தைத் திரும்பப் பெற்றேன். அப்பா அம்மா விட்டுச் சென்ற பொருள் என்று தெரிந்தால், கூடப்பிறந்தவர்களுக்குத் தெரியுமா என்று இப்போது வாய்விட்டே கேட்டுவிடுகிறேன்.

எதை எடுப்பது, எதை மறுப்பது என்பதில்தான் லாபம் இருக்கிறது. 2003 வாக்கில் அமெரிக்காவில் ஐசோல்ட் இட், ஆக்‌ஷன்டிராப் என்ற பெயர்களில் இதற்கென்றே கடைகள் வந்தன. வாசலில் பொருளைக் கொடுத்துவிட்டுப் போனால் அவர்கள் ஈபேயில் விற்றுத் தருவார்கள். அந்த அலை நீண்ட நாள் நிற்கவில்லை. வாடகை, சம்பளம் இரண்டையும் தலையில் வைத்துக்கொண்டு, மக்கள் கொண்டுவரும் பீங்கான் கோப்பைகளையும் டிவிடிகளையும் ஒவ்வொன்றாகப் படமெடுத்து விற்றால் என்ன மிஞ்சும்? ஆகவே குறைந்தபட்ச மதிப்பு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இருப்பதை ஒரே லாட்டாகச் சேர்க்கலாம் அல்லது மரியாதையாக மறுக்கலாம். யானைத் தந்தம் என்றால் பேச்சே இல்லை. ஈபே 2009-லேயே தடை செய்துவிட்டது. பிராண்டு கைப்பைகளும் எனக்கு வேண்டாம். அசலா போலியா என்று உறுதியாகச் சொல்லத் தெரியாததை என் கணக்கில் ஏற்றினால் போவது என் கணக்கு.

ஆனால் உடைந்தது என்பதற்காக எதையும் மறுக்காதீர்கள். 1995-இல் பியர் ஒமிடியார், பின்னாளில் ஈபே ஆன தளத்தை ஆக்‌ஷன்வெப் என்ற பெயரில் தொடங்கியபோது விற்றது ஓர் உடைந்த லேசர் பாயிண்டர்; போன விலை 14.83 டாலர். அது உடைந்தது என்று தெரிந்துதான் வாங்கினீர்களா என்று அவர் கேட்டதற்கு, உடைந்த லேசர் பாயிண்டர்களைத்தான் சேகரிக்கிறேன் என்று பதில் வந்ததாம். உதிரி பாகத்துக்காக வாங்குபவர்கள் எல்லா வகையிலும் இருக்கிறார்கள். ஷட்டர் செத்த கேமராவைவிட அதன் லென்ஸ் மூடி, தோல் உறை, கையேடு சேர்ந்த கட்டு நல்ல விலைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். வீட்டைச் சுத்தம் செய்யும் உற்சாகத்தில் காலி அட்டைப்பெட்டிகளைக் குப்பையில் போடாதீர்கள் என்று பொருள்காரர்களைக் கெஞ்சாத குறை.

தலைப்புக்கு ஈபேயில் 80 எழுத்துதான் இடம். 'அபூர்வம்', 'அழகானது' என்றெல்லாம் யாரும் தேடுவதில்லை. கம்பெனி பெயர், மாடல் எண், அளவு, நிலைமை இவற்றைத்தான் தேடுகிறார்கள். குறைகளுக்குத் தனித்தனியாகக் கிட்டத்துப் படம் போடுகிறேன். "கீறலை எதுக்குப்பா காட்டுற?" என்று பொருள்காரர் வருத்தப்படுவார். கீறலைக் காட்டினால் மற்ற இடத்தில் கீறல் இல்லை என்று வாங்குபவர் நம்புகிறார்.

ஏலம் தொடங்கியதும் உண்மையான சோதனை வரும். வாங்குபவர்கள் அமைதியாகத்தான் இருப்பார்கள், போன் அடிப்பது பொருள்காரர். "நாலு நாளாச்சு, விலை அசையவே இல்லையே தம்பி!" இதற்கு ஏலம் நடக்கும் விதத்தையே விளக்க வேண்டியிருக்கும். ஒருவர் 500 வரை போகலாம் என்று உள்ளே பதிந்து வைக்கிறார், அடுத்தவர் 200 பதிகிறார் என்றால், வெளியே தெரியும் விலை 200-க்கு ஒரு படி மேலேதான் நிற்கும். 500 யாருக்கும் தெரியாது. அனுபவசாலிகள் அந்த 200-ஐயும் கடைசி விநாடிகள் வரை பதிவதில்லை. 2002-இல் ஆல்வின் ராத், ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸ் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வு இதையே பார்த்தது. அப்போது அமேசான் நடத்திய ஏலங்களில் கடைசி நேரத்தில் யாராவது விலை கேட்டால் நேரம் நீளும். ஈபேயில் மணி அடித்தால் முடிந்தது. கடைசி நிமிடத்தில் விலை கேட்பது ஈபேயில்தான் அதிகம் இருந்தது. நடுவில் நான் பார்ப்பது எத்தனை பேர் கவனிப்புப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள் என்பதை மட்டுமே. அந்த எண்ணைப் படமெடுத்து பொருள்காரருக்கு அனுப்பிவிட்டால் போன் கொஞ்சம் ஓய்கிறது.

ஓயாதவர்களும் உண்டு. "என் மச்சான் கணக்குல இருந்து ரெண்டு தடவை கேக்கச் சொல்றேன், விலை ஏறட்டும்" என்றார் ஒருவர், ஏதோ உதவி செய்வது போல. அது தள விதிக்கு விரோதம் என்பதோடு நிற்காது, குற்றமும்கூட. 2000-இல் ஈபேயில் ஓர் ஓவியம் 1,35,805 டாலர் வரை போனது. விற்றவரும் கூட்டாளிகளும் வேறு வேறு பெயரில் தங்களுக்குள் கேட்டு ஏற்றியது வெளியே வந்து, விற்பனை ரத்தாகி, மறு ஆண்டு மூன்று பேர் மீது குற்றச்சாட்டு பதிவானது. அந்தக் கதையைச் சொன்னதும் மச்சான் பேச்சு நின்றது. இவ்வளவுக்குக் கீழே தர மனமில்லை என்றால் அதையே தொடக்க விலையாகப் போடலாம். தேடுபவர் மிகக் குறைவாக உள்ள பொருளுக்கு ஏலமே வேண்டாம், நிலையான விலை போட்டுக் காத்திருப்பதுதான் சரி. ஏலத்துக்குக் குறைந்தது இரண்டு பைத்தியங்கள் வேண்டும். ஒருவர் மட்டும் வந்தால் தொடக்க விலைக்கே கொண்டுபோய்விடுவார்.

பேக்கிங்கில் ஒரு விஷயம் மட்டும். கூரியர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி பெரும்பாலும் 5000-ஆல் வகுத்து வருவது உண்மையான எடையைவிட அதிகம் என்றால், அதையே கிலோ எடையாக எடுத்துக்கொள்கிறார்கள். விளக்குக் கூண்டு போன்ற லேசான பெரிய பொருளை ஏற்றுக்கொள்ளும் முன்பே பெட்டியின் அளவைக் கணக்கிடாவிட்டால் கமிஷன் கூரியருக்குப் போகும்.

பெட்டியை மூடும் முன் பொருளின் சீரியல் எண் தெரியப் படமெடுத்து வைப்பேன். ஒரு லென்ஸ் வாங்கியவர் பூஞ்சை இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். வந்தது அதே மாடல், ஆனால் வேறு எண். அவரிடம் இருந்த பழுதான லென்ஸை என்னிடம் தள்ளிவிட்டு நல்லதை வைத்துக்கொண்டார். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பி, மாறி மாறி எழுதிய பிறகு ஈபேயின் தீர்ப்பு என் பக்கம் வந்தது. பொருள்காரரிடம் இந்த விஷயத்தைச் சொன்னபோது அவருக்குப் பாதிகூடப் புரியவில்லை. "பணம் வருமா, வராதா?" என்பதோடு சரி.

கணக்கு எழுதுவது சலிப்பான வேலை, தப்பிக்க வழியில்லை. வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், அதை ஒட்டிய சீட்டு, விரிதாளில் ஒரு வரி: யாருடையது, எப்போது வந்தது, போன விலை, கட்டணம், கொடுத்த தேதி. தளம் என் பெயரில் காட்டும் மொத்த விற்பனை என் வருமானம் அல்ல, கமிஷன் மட்டுமே என் வருமானம் என்று வரிக் கணக்கில் காட்ட அந்த விரிதாள்தான் ஆதாரம். தொடங்கும் முன்பே கணக்காளர் ஒருவரிடம் இதைப் பேசிவிடுவது நல்லது. அடுத்தவர் பொருளை விற்க உரிமம் தேவைப்படும் இடங்களும் உண்டு.

கடைசியாக, யாரும் சொல்லாத தொல்லை: விற்காத பொருள். இரண்டு முறை ஏலத்தில் போட்டும் போகாததை எடுத்துப்போகச் சொன்னால், "அப்புறம் வரேன்" என்பார்கள், வர மாட்டார்கள். அவர்களுக்கு வீட்டில் இடம் கிடைத்துவிட்டது, எனக்கு இடம் போய்விட்டது. அதனால் ஒப்பந்தத்தில் நான்காவதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது: அறிவித்து 30 நாட்களுக்குள் எடுத்துப்போகாவிட்டால் தானமாகக் கொடுத்துவிட எனக்கு அனுமதி உண்டு. அந்த வரியைப் படித்ததும் பாதிப் பேர் சிரித்துக்கொண்டே, "இப்பவே கொடுத்துடுப்பா" என்கிறார்கள்.