ஸ்பொன்சரில் வந்தவள்

ஸ்பொன்சரில், அதாவது புருஷன் பொறுப்பேற்றுக் கூப்பிட்டு, கனடாவுக்கு வரும் பெண்ணுக்கு இந்த நாட்டுச் சட்டத்தை முதலில் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் அவளுடைய புருஷன்தான். எனக்கும் அப்படித்தான். "நான் ஒரு கடிதம் எழுதினால் காணும், உன்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்" என்று இவர் சொன்னார், நான் நம்பினேன். என்னுடைய பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) கார்ட் அவருடைய அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. வீட்டுக்கு வரும் கடிதங்களைப் பிரித்து வாசித்துச் சொல்பவரும் அவர்தான்.

2019இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தேன். ரொறன்ரோவின் ஸ்காபரோவில், மார்க்கம் றோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பேஸ்மென்ட். குளிருக்கும் பஸ்ஸுக்கும் பழகுவது பெரிய காரியமில்லை, யாரும் பழகிவிடலாம். எந்த நேரமும் கணக்குச் சொல்லிக்கொண்டிருப்பதுதான் என்னைத் தின்றது. கடைக்குப் போய்வந்தால் பில்லைக் காட்டவேண்டும். பில்லில் ஒரு கோப்பி இருந்தால், "ஆரோட குடிச்சனீ?" என்ற கேள்வி வரும். நான் வேலை செய்த சம்பளம் அவருடைய பெயரும் சேர்ந்த கணக்குக்குப் போகும், அந்த பாங்க் கார்ட் என்னிடம் இல்லை. பஸ்ஸில் கட்டணத்துக்குத் தட்டுகிற என் பிரெஸ்டோ கார்டை அவருடைய மின்னஞ்சலில்தான் பதிந்திருந்தார். எந்த பஸ்ஸில் எத்தனை மணிக்குத் தட்டினேன் என்பதை இரவில் போனில் பார்த்துக் கேட்பார்.

அடித்தாரா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கையைப் பிடித்து முறுக்கியிருக்கிறார், சுவரோடு சாய்த்து நெருக்கியிருக்கிறார். கோபம் வந்தால் முதலில் டிவி சத்தத்தைக் கூட்டுவார், மேலே இருக்கும் வீட்டுக்காரருக்குக் கேட்கக்கூடாது என்பதற்காக. ரத்தம் வரவில்லை, எலும்பு முறியவில்லை. அதனால் இதை வெளியே சொல்லலாமா, இதெல்லாம் ஒரு காரணமா என்று நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் வாட்ஸ்அப்பில் கொஞ்சம் சொல்லிப் பார்த்தேன். "அடிக்கிற கைதான் பிள்ளை அணைக்கும். பொறுமையா இரு. தங்கச்சிக்கும் கலியாணம் பேச வேணும்" என்றார். அம்மாவில் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குத் தெரிந்த உலகத்தில் போக்கிடம் என்று ஒன்று கிடையாது.

ஆங்கில வகுப்புக்குப் போக மட்டும் இவர் விட்டார், வேலைக்கு உதவும் என்று. லிங்க் என்று சொல்கிற இலவச வகுப்பு அது, பிஆர் உள்ளவர்கள் படிக்கலாம். நான் போன இடத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் இருந்தார்கள். அங்கே, புதிதாக வந்தவர்களுக்கு உதவுகிற அலுவலர் ஒருவர் இருந்தார், தமிழ் ஆள் இல்லை. அதுவே எனக்கு ஆறுதல். தமிழ் ஆளென்றால் யாருடைய மச்சாளோ, எந்தக் கோயிலில் இவருடைய சொந்தக்காரரோடு நிற்பவரோ என்ற பயம் வந்திருக்கும். மொழிபெயர்க்கவும் நேரில் ஆள் வேண்டாம், போனில் பேசுகிறவர் போதும் என்று கேட்டேன். சரி என்றார்கள்.

அந்த அறையில்தான் முதல்முதலாக உண்மையைக் கேட்டேன். ஸ்பொன்சரில் கூப்பிடப்பட்ட சில மனைவிமாரும் கணவர்மாரும் இரண்டு வருடம் ஒன்றாக வாழ்ந்தால்தான் பிஆர் நிலைக்கும் என்று ஒரு விதி உண்மையிலேயே இருந்ததாம். 2012 ஒக்டோபரில் வந்தது. அப்போதுகூட, துன்புறுத்தலுக்கு ஆளானவர்களுக்கு விலக்கு இருந்தது. 2017 ஏப்ரலில் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். நான் கனடாவில் காலை வைக்கும்போது அது இல்லவே இல்லை! ஆனால் நம் சனத்தின் வாயில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது, கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் சொல்கிறார்கள். பிஆர் கிடைத்த பிறகு, பிரிந்ததற்காக அது போகாது. கார்ட் என்பது அத்தாட்சி மட்டும்தான், அதை அவர் பூட்டி வைத்தாலும் என் உரிமை பூட்டுக்குள் இல்லை, வேறு கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஸ்பொன்சர் செய்தவர் மூன்று வருடத்துக்குப் பொறுப்பு என்று எழுதிய கையெழுத்து அவரைக் கட்டுகிறதே தவிர, அவரோடு இருக்கும்படி என்னைக் கட்டவில்லை.

அப்படியும் நான் உடனே வெளியேறவில்லை. தெரிந்துகொள்வது வேறு, பெட்டி கட்டுவது வேறு. பொலிஸை அழைக்கலாமா என்று நிறைய யோசித்தேன். எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் பொலிஸ் வந்து ஆதாரம் இருப்பதாகக் கண்டால் அவர்களே வழக்குப் போடுவார்கள், பிறகு நான் "வேண்டாம், விட்டுவிடுங்கள்" என்று சொல்லி அதை நிறுத்த முடியாது. இவர் வேலையை இழந்தால் ஊரில் மாமி என்ன செய்வார் என்றுகூட நினைத்தேன். பெண்கள் இப்படியெல்லாம் நினைப்பதைக் கோழைத்தனம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவளுக்குத்தான் அந்த வீட்டின் ஒவ்வொரு மூலையும் தெரியும். வெளியேறுகிற நேரம்தான் ஆபத்துக் கூடின நேரம் என்று உதவிக்கு இருந்தவர்களும் சொன்னார்கள், அவசரப்படுத்தவில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது என் மகன். கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டதும் கார்ட்டூனை நிறுத்திவிட்டு, விளையாட்டுச் சாமான்களைச் சோபாவுக்குக் கீழே தள்ளுவான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சட்ட உதவியில் இரண்டு மணித்தியாலம் இலவசமாக ஒரு வழக்கறிஞரோடு பேசக் கிடைத்தது. அவரிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். 2021 மார்ச் முதல் கனடாவின் விவாகரத்துச் சட்டத்தில் குடும்ப வன்முறை என்றால் அடி மட்டும் இல்லை, காசைப் பிடித்து வைப்பதும், பயப்படுத்தி அடக்கி வைப்பதும், பிள்ளை அதைப் பார்த்து வளர்வதும் அதற்குள் வரும் என்று விளக்கினார். பிள்ளையைப் பறித்துவிடுவார்கள் என்று இவர் வெருட்டியதற்கும் அன்றுதான் பதில் கிடைத்தது. பிள்ளைக்கு எது நல்லது என்பதை வைத்துத்தான் நீதிமன்றம் தீர்மானிக்கும், ஆர் ஆரை ஸ்பொன்சர் செய்தது என்பதை வைத்து இல்லை.

அப்புறம் ஆயத்தம். பாஸ்போர்ட், மகனின் பிறப்புச் சான்றிதழ், வேலைக்கும் வரிக்கும் கேட்கிற என் சின் நம்பர், எல்லாவற்றையும் படமெடுத்து வகுப்புத் தோழி ஒருத்தியிடம் கொடுத்தேன். பிரெஸ்டோவைத் தட்டாமல் சில்லறை போட்டு பஸ் ஏறினேன். என் பெயரில் மட்டும் ஒரு கணக்குத் திறந்தேன். 2022இல், இவர் வேலையில் இருந்த ஒரு பகலில், மகனோடு, வன்முறையிலிருந்து தப்பி வரும் பெண்கள் தங்கும் ஷெல்டருக்குப் போனேன். வாடகை ஒப்பந்தத்தில் என் பெயரும் இருந்தது. வன்முறையால் வெளியேறுபவர் 28 நாள் அறிவித்தல் கொடுத்துத் தன் பங்கை முடித்துக்கொள்ளலாம் என்பதால் அதிலிருந்தும் விடுபட்டேன்.

ஷெல்டர் சுகமான இடம் என்று சொல்லமாட்டேன். பொதுச் சமையலறை, தெரியாத முகங்கள், இரவில் அழும் பிள்ளைகள். பிறகு வாடகைக்கு ஒரு அறை தேடுவதற்குள் உயிர் போய் வந்தது. கோயிலில் சிலர் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார்கள். தங்கச்சிக்குக் கலியாணம் நடந்தது, நான் பிரிந்ததால் அது தடைப்படவில்லை.

இப்போது அதே வகுப்புக்கு வரும் பெண்கள் சிலர், "போகட்டா, இருக்கட்டா அக்கா?" என்று கேட்கிறார்கள். அதை நான் சொல்வதில்லை. பிஆர் கார்ட் எங்கே இருக்கிறது என்று கேட்பேன். போனில் நீ நிற்கிற இடத்தை அவர் பார்க்கிறாரா என்று கேட்பேன். பிறகு என் போனைக் கொடுத்து, உதவிச் சேவைகளைப் பற்றித் தகவல் சொல்லும் இலக்கமான 211ஐ அழுத்தி, தமிழில் பேசவேண்டும் என்று கேட்கச் சொல்வேன்.