விக்கல்

ஜூன் 4

கரீபியன் கவிஞர் டெரெக் வால்காட்டின் 1992 நோபல் உரையை மறுபடி எடுத்தேன். டிரினிடாடில் ஃபெலிசிட்டி என்ற ஊர், ராம்லீலாவுக்கான ஏற்பாடு. முதல் முறை படித்தபோது 'அட, நம்ம ராமாயணம்!' என்று துள்ளியதோடு சரி. அவர் சொல்ல வந்தது வேறு. கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வாரிசுகள் வேஷம் கட்டுவதைப் பார்த்து, இது நாடகம், தொலைந்த ஒன்றின் மிச்சம் என்று நினைத்துவிட்டாராம். ஆடுகிறவர்களுக்கோ அது பக்தி, கொண்டாட்டம். தன் பிழையைத் தானே ஒத்துக்கொள்கிறார். குட்டு எனக்கும் சேர்த்துத்தான்.

ஜூன் 9

கமாவ் பிராத்வெயிட், பார்படாஸ் தீவுக் கவிஞர். புயல் பென்டாமீட்டரில், அதாவது ஆங்கிலக் கவிதையின் ஐஞ்சீர் யாப்பில், முழங்குவதில்லை என்றவர். ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் வளர்ந்த பிள்ளை, கரும்புக் காட்டில் பனி பெய்ததாகக் கட்டுரை எழுதுகிறதாம். வருஷா வருஷம் கூரையைப் பிடுங்கும் காற்றுக்குச் சொல் இல்லை, பார்க்காத பனிக்கு இருக்கிறது! கலிப்சோ என்ற கரீபியன் பாட்டின் தாளத்தில் எழுதியிருக்கிறார். வாய்க்குள் முணுமுணுத்தால் பாதிதான் கிடைக்கிறது. இனி சத்தமாகத்தான்.

ஜூன் 12

ஆபீஸ் வேலை. ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

ஜூன் 15

எம். நூர்பெசே பிலிப்பின் 'சாங்!' கவிதைப் புத்தகம். டொபேகோவில் பிறந்தவர், கனடாவில் வக்கீலாக இருந்தவர். 1781-இல் சாங் என்ற அடிமைக் கப்பலிலிருந்து 130 பேருக்கு மேல் கடலில் வீசப்பட்டார்கள். குடிதண்ணீர் பற்றாக்குறை என்று கப்பல்காரர்கள் காரணம் சொன்னார்கள். அப்புறம் சரக்கு நட்டமென்று காப்பீட்டுப் பணம் கேட்டு வழக்கு. அந்த 1783 வழக்கின் குறிப்பில் இருக்கும் சொற்களை உடைத்துத்தான் 2008-இல் இந்தப் புத்தகம். கப்பல் கணக்கில் பெயரே இல்லாதவர்களுக்குப் பக்கத்தின் அடியில் ஆப்பிரிக்கப் பெயர்கள் வைத்திருக்கிறார். அந்தப் பெயர்களிலேயே வெகுநேரம் நின்றேன். 'நம்ம' ஆள் எவரையும் தேடவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

முதல் கவிதையில் 'வாட்டர்' என்ற சொல் எழுத்தெழுத்தாகச் சிதறிக் கிடக்கிறது. ராத்திரி பத்து மணிக்குச் சத்தமாகப் படித்தேன். வ, வ, வா, வ... சொல் முழுதாக வாயில் வரவே மாட்டேன் என்கிறது.

பக்கத்து அறையிலிருந்து அம்மா, "என்னடா, விக்கலா?" என்றாள். பதில் சொல்வதற்குள் டம்ளரில் தண்ணீரோடு வந்து நின்றாள்.