கப்பலில் இறங்கியவர்கள்: ஆகஸ்ட் குறிப்புகள்

ஆகஸ்ட் 2

1917-இல் இதே தேதியில்தான், ஓடிக்கொண்டிருந்த கப்பலின் மேல் முதன்முதலாக ஒருவர் விமானத்தை இறக்கினார். எட்வின் டன்னிங், பிரிட்டிஷ் கடற்படை விமானி, வயது 25. இடம் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளின் நடுவே இருக்கும் ஸ்காப்பா ஃப்ளோ. கப்பலின் பெயர் ஃப்யூரியஸ்.

அது இரண்டுங்கெட்டான் கப்பல். முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று 18 அங்குலப் பீரங்கிகள் வைக்கத் திட்டம் போட்டுக் கட்ட ஆரம்பித்தார்கள், நடுவில் மனசு மாறி முன்பக்கப் பீரங்கியைக் கைவிட்டு அங்கே சுமார் 70 மீட்டருக்கு ஒரு தளம் போட்டார்கள், பின்பக்கப் பீரங்கி மட்டும் அப்படியே இருந்தது. அந்தத் தளமும் கிளம்புவதற்கு மட்டும்தான். போய் ஜெர்மானியரின் செப்பலின் வான்கப்பல்களை விரட்டு, வேலை முடிந்ததும் கப்பலுக்குப் பக்கத்தில் கடலில் இறங்கு, உன்னைத் தூக்கிக்கொள்கிறோம், விமானம் போனால் போகட்டும். ஏற்பாடே இதுதான். டன்னிங்குக்கு இது பொறுக்கவில்லை, எனக்கும்தான்.

ஆகஸ்ட் 3

எப்படி இறங்கினார் என்று நேற்றே எழுதியிருக்க வேண்டும், தூக்கம் வந்துவிட்டது.

கணக்கு ரொம்ப எளிது. கப்பல் 26 நாட் வேகத்தில் காற்றை எதிர்த்து ஓடுகிறது, எதிர்காற்று 21 நாட். ஆக, தளத்தின் மேல் அடிக்கும் காற்று 47 நாட், அதாவது மணிக்குச் சுமார் 87 கி.மீ. அவர் ஓட்டிய சாப்வித் பப் விமானம் இதைவிடக் குறைந்த வேகத்திலேயே விழாமல் மிதக்கும். அதனால் கப்பலில் நிற்பவனுக்கு விமானம் பக்கத்தில் ஊர்ந்து வருவது போலத்தான் தெரியும். சிக்கல் வேறு இடத்தில். தளம் முன்னால் இருக்கிறது, அதற்குப் பின்னால் கப்பலை நடத்தும் கட்டளை மேடையும் புகைபோக்கியும் வழி மறிக்கின்றன, நேராக வர முடியாது. கப்பலுக்கு இணையாகப் பறந்து வந்து, மேடையைத் தாண்டியதும் பக்கவாட்டில் சறுக்கி தளத்துக்கு மேலே வந்து இன்ஜினை அடக்கினார், கீழே காத்திருந்த ஆட்கள் பாய்ந்து பிடித்து இழுத்தார்கள்.

அப்போது எடுத்த புகைப்படத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தேன். தொப்பியும் சீருடையுமாக அதிகாரிகள், கையை மேலே நீட்டிக்கொண்டு ஓடுகிறார்கள், பேருந்துக் கம்பியைப் பிடிக்க ஓடுகிறவர்களைப் போல. பிடிப்பதற்கென்றே விமானத்தில் வார்கள் தொங்கவிட்டிருந்தார்கள். உலகின் முதல் நிறுத்தும் கருவி மனுஷக் கைதான் என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் அது உண்மையில்லை. டன்னிங்குக்கு முன்பே, நின்ற கப்பலில் இறங்கிய ஈலியைப் பற்றி எழுதும்போது சொல்கிறேன்.

ஆகஸ்ட் 4

சாப்வித் பப் மாடல் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். 72-இல் ஒரு பங்கு அளவு, உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. தம்பி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்ணா, இவ்வளவு பேர் ஓடிப்போய்ப் பிடிப்பானேன், பிரேக் போட வேண்டியதுதானே?" என்றான்.

"பிரேக்கே கிடையாதுடா இதுல."

நம்பவில்லை. 80 குதிரைத்திறன் இன்ஜின், மரச்சட்டம், மேலே துணி, சக்கரத்தில் பிரேக் என்று எதுவும் இல்லை. ஆளும் எரிபொருளும் ஏறிய பிறகும் 560 கிலோவைத் தாண்டாது. நின்ற பிறகும் ஆபத்து தீராது, பக்கவாட்டில் ஒரு காற்று அடித்தால் போதும், தூக்கிக் கடலில் போட்டுவிடும்.

ஆகஸ்ட் 5

சரி, ஈலி. யூஜீன் ஈலி அமெரிக்கர், கடற்படை ஆள்கூட இல்லை, கண்காட்சிகளில் பறந்து காட்டிப் பிழைத்தவர். 1910 நவம்பர் 14 அன்று வர்ஜீனியாவில் பர்மிங்காம் என்ற போர்க்கப்பலிலிருந்து கிளம்பினார். கிளம்பிய வேகத்தில் சக்கரம் தண்ணீரைத் தொட்டது, புரொப்பெல்லர் நுனி சிதறியது, எப்படியோ கரை சேர்ந்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து, 1911 ஜனவரி 18 அன்று, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நங்கூரம் போட்டு நின்ற பென்சில்வேனியா கப்பலில் இறங்கினார். பின்பக்கம் மரத்தில் சுமார் 36 மீட்டர் மேடை. அதன் குறுக்கே 22 கயிறுகள், ஒவ்வொன்றின் இரு முனையிலும் 50 பவுண்டு மணல் மூட்டை. விமானத்தின் அடியில் கொக்கிகள். கொக்கி கயிற்றில் மாட்டும், மூட்டைகள் இழுபடும், விமானம் நிற்கும். நின்றது! இந்த ஏற்பாட்டில் சர்க்கஸில் வேலை பார்த்த ஹியூ ராபின்சன் என்பவருக்குப் பெரிய பங்கு. ஈலிக்கு நீச்சல் சரியாக வராது, அதனால் சைக்கிள் டியூப்களை உடம்பில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். கேப்டனோடு சாப்பிட்டுவிட்டு, அதே மேடையிலிருந்து கிளம்பித் திரும்பிப் போனார்.

அதே வருஷம் அக்டோபரில் ஜார்ஜியாவில் ஒரு காட்சியில் விழுந்து இறந்தார். 25 வயது முடிய இரண்டு நாள் இருந்தது.

ஆகஸ்ட் 7

டன்னிங் இறந்த நாள். முதல் வெற்றிக்கு ஐந்து நாள் கழித்து மறுபடி முயன்றார். ஒரு தடவை இறங்கினார், விமானம் கொஞ்சம் அடிபட்டது. அடுத்த தடவை தளத்தின் முன்பகுதிக்கு வந்துவிட்டதால், ஆட்களை விலகச் சொல்லிக் கையசைத்துவிட்டு மறுபடி எழும்பப் பார்த்தார். இன்ஜின் திணறியது, விமானம் வலப்பக்கமாகக் கடலில் விழுந்தது. அந்த வேகத்தில் ஓடும் கப்பல் சட்டென்று நிற்குமா? படகு போய்ச் சேருவதற்குள் மூழ்கி இறந்துவிட்டார்.

ஆகஸ்ட் 8

அப்புறம் ஃப்யூரியஸின் பின்பக்கப் பீரங்கியையும் எடுத்துவிட்டு அங்கேயும் தளம் போட்டார்கள். கட்டளை மேடையும் புகைபோக்கியும் நடுவில் அப்படியே நின்றன, அவற்றைச் சுற்றிச் சுழன்று வரும் காற்றில் விமானம் தள்ளாடியது. 1918 ஜூலை 19 அன்று இதே கப்பலிலிருந்து ஏழு சாப்வித் கேமல் விமானங்கள் கிளம்பின, டோண்டர்ன் என்ற ஊரில் ஜெர்மானியரின் கொட்டகையில் இருந்த இரண்டு செப்பலின்களை எரித்தன. ஒன்றுகூடத் தளத்துக்குத் திரும்பவில்லை. சிலர் டென்மார்க்கில் இறங்கினார்கள், சிலர் கடலில்.

ஆகஸ்ட் 11

ஈலியின் குறுக்குக் கயிற்றைப் பிரிட்டிஷ்காரர்கள் மறந்துவிட்டார்கள், அதனால்தான் டன்னிங் செத்தார் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஈலி இறங்கியது நின்ற கப்பலில், அவருக்கு ஓட்டத்தை நிறுத்துவதுதான் பிரச்சினை. டன்னிங் இறங்கியது காற்றை எதிர்த்து ஓடும் கப்பலில், அங்கே ஓட்டமே கிட்டத்தட்ட இல்லை, காற்று தூக்கி எறியாமல் பிடித்துவைப்பதுதான் பிரச்சினை. 1918 செப்டம்பரில் ஆர்கஸ் என்ற பிரிட்டிஷ் கப்பல் வந்தது, முனையிலிருந்து முனைவரை தடையில்லாத தளம். அதில்கூடக் கம்பிகளைக் குறுக்கே கட்டாமல் நீளவாக்கில்தான் கட்டினார்கள். காரணம் இதுதான்: பக்கவாட்டில் நழுவக்கூடாது.

விமானங்கள் கனத்து, இறங்கும் வேகமும் கூடியபோது கணக்கு மாறியது. 1922-இல் அமெரிக்கரின் லாங்லியில், நிலக்கரிக் கப்பலாக இருந்து மாற்றப்பட்டது அது, நீளக் கம்பி, குறுக்குக் கம்பி இரண்டும் இருந்தன. சில வருஷத்தில் நீளக் கம்பி போய்விட்டது. 1930-களில் பிரிட்டிஷாரும் குறுக்குக் கம்பிக்கே வந்தார்கள்.

அடுத்து ஹெர்மிஸ். விமானந்தாங்கியாகவே வரைந்து கட்ட ஆரம்பித்த முதல் கப்பல், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தது மட்டக்களப்புக்கு அப்பால். தம்பி அதையும் மாடலாகச் செய்யலாம் என்கிறான். பப்பின் இறக்கைகளுக்கு நடுவே கம்பி கட்டவே எனக்கு இன்னும் வேலை இருக்கிறது.