வேப்பமரத்தடியில் ஆறு பேர்

போன வாரம் மண்டபம் ஊரில் ஒரு கல்யாண வீடு. பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி கையைப் பிடித்து என்னை ஓரமாகக் கூட்டிப்போனாள். மகளிர் குழுவை நடத்தும் ஊக்குநராகப் புதிதாக ஆகியிருக்கிறாள். "அக்கா, குழுவுல 12 பேர் இருக்காங்க. ஆனா எனக்குன்னு பேச ஒரு ஆள் இல்லக்கா" என்றாள். அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவளுக்குச் சரியாகப் பதில் சொல்லாமலே வந்துவிட்டேன். அன்று சொல்ல விட்டுப்போனதை எழுதி வைக்கிறேன். அவளைப் போல இன்னும் பல பேர் இந்தக் கரையில் இருப்பார்கள் என்று தெரியும்.

நான் பாம்பன் தெற்குவாடிக்காரி. 11 வருடம் ஒரு மகளிர் குழுவுக்கு ஊக்குநராக இருந்தேன். இப்போது எங்கள் பகுதியில் 14 குழுக்கள் சேர்ந்த கூட்டமைப்புக்குக் கணக்கும் தீர்மானமும் எழுதுகிறேன். ஊரில் எல்லாருக்கும் என்னைத் தெரியும். கடைக்குப் போனால் நாலு பேர் நிறுத்திப் பேசுவார்கள். ஆனால் அத்தனை பேச்சும் குழுவைப் பற்றியதாகவே இருக்கும்.

ஒரு தடைக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. படகுக்காரருக்கும் அதில் கூலிக்குப் போகிறவருக்கும் தொழில் கிடையாது. ஆனால் வங்கித் தவணைக்குத் தடைக்காலம் தெரியாது. எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி இரண்டு மாதம் கட்டவில்லை. குழுக்கடன் என்றால் வங்கி எங்களை ஒரே ஆளாகத்தான் பார்க்கும். ஒருத்தி நின்றால் எல்லாருடைய அடுத்த கடனும் நிற்கும். கூட்டத்தில் பேச்சு தடித்தது. கூட்டம் முடிந்ததும் ஐந்தாறு பேர் நேராக அவள் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். நான் தடுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

மறுநாள் விடியுமுன் அவள் என் வீட்டுக்கு வந்தாள். பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாள் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். தாளில் ஏழாம் வாய்ப்பாடு எழுதியிருந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே அவள் மூக்குத்தி. திருகாணியைத் தனியாக நூலில் கட்டியிருந்தாள், தொலைந்துவிடக் கூடாதாம்.

அதை மூன்று நாள் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். யாரிடம் போய்ச் சொல்வது? குழுவில் சொன்னால் அவள் மானம் போகும். வீட்டுக்காரரிடம் சொல்லலாம் என்றால், அவள் புருஷன் போகும் படகு எங்கள் சொந்தக்காரருடையது. மேலிடத்திலிருந்து வருகிறவர்களிடம் சொன்னால் ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். நாலாவது நாள் மூக்குத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் கைக்காசைக் கட்டினேன். 'அனைத்து உறுப்பினர்களும் தவணை செலுத்தினர்' என்று தீர்மான நோட்டில் எழுதினேன். அது பொய். பொய் எழுதிவிட்டோமே என்ற நினைப்பு பல மாதம் என் கூடவே கிடந்தது.

அந்த வருடமே ஒரு திங்கள்கிழமை, எங்கள் தெருத் தண்ணீர்க் குழாய்க்காக மனு கொடுக்க ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தேன். குறைதீர்க்கும் நாள் என்பதால் நல்ல கூட்டம். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, பொழுது போக வேண்டுமே என்று கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஓர் அம்மா. திருப்பாலைக்குடிக்காரர். அவர் மடியிலும் காலண்டர் தாளில் அட்டை போட்டு, சிவப்பு ரப்பர் பேண்ட் மாட்டிய அதே மாதிரி நோட்டு. என் நோட்டைக் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்:

"தாயி, இந்த ஒரு வரி மட்டும் வேற மையில இருக்கே."

அவர் காட்டியது நான் எழுதிய அந்தப் பொய் வரி. எனக்குக் கை உதறியது. தணிக்கைக்கு வந்தவர்கள் இரண்டு தடவை பார்த்த பக்கம் அது. யார் கண்ணிலும் படவில்லை. பதில் சொல்ல வாய் வராமல் உட்கார்ந்திருந்தேன். அவரே மெதுவாக, "நானும் போட்டிருக்கேன் தாயி. மூணு தடவை" என்றார்.

மனுவைக் கொடுத்துவிட்டு வந்தும் பேசினோம். பஸ்ஸை விட்டுவிட்டுப் பேசினோம். இருட்டிய பிறகுதான் வீடு வந்து சேர்ந்தேன். அன்று ராத்திரி வெகு நாளைக்குப் பிறகு அசந்து தூங்கினேன்.

அந்த அக்காவிடம் அன்று நான் கற்றது இரண்டு. அவர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தவணை தவறியவர்களைத் தொகையோடு எழுதுவதில்லை, காரணத்தோடு எழுதுவார். 'எஞ்சின் பழுது.' 'வாடை, 9 நாள் தொழில் இல்லை.' 'மாமியார் ஆஸ்பத்திரி.' கூட்டத்தில் பேச்சு தடிக்கிற நேரத்தில் அந்தப் பக்கத்தை, பெயர் சொல்லாமல், சத்தமாக வாசிப்பாராம். பாதிப் பேர் தங்கள் வீட்டுக் காரணத்தைக் கேட்டு அடங்கிவிடுவார்கள். இரண்டாவது, தை மாதமே ஒரு தீர்மானம் போட்டுவிடுவது: மீன்பாடு நன்றாக இருக்கிற மாதங்களில் ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டி, தடைக்காலத் தவணைக்கென்று தனியாகச் சேர்த்து வைப்பது. இதை எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அடுத்த தை மாதம் எங்கள் குழுவிலும் அந்தத் தீர்மானம் போட்டோம். பிறகு யார் வாசலிலும் போய் நிற்க வேண்டி வரவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஊக்குநர்கள் கூடுகிற கூட்டங்கள் இல்லாமல் இல்லை. 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழு முயற்சி, பிறகு மகளிர் திட்டமாகி மாநிலம் முழுக்கப் பரவி, இன்று ஊராட்சிக்கு ஊராட்சி கூட்டமைப்பு இருக்கிறது. கூட்டம் போடுகிறோம், பயிற்சிக்குப் போகிறோம். அதில் எனக்குக் கிடைத்தது நிறைய. கணக்கு எழுதவே அங்கேதான் கற்றேன். ஆனால் தரம் பார்க்கிறவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது யாராவது "நான் பொய் எழுதினேன்" என்று சொல்வார்களா? "எங்க குழு நல்லா போகுது சார்" என்றுதான் எல்லாரும் சொல்வோம். நானும் அப்படித்தான் சொன்னேன். நம் மேல் அதிகாரம் உள்ளவர் இருக்கிற இடத்தில் வேலையைப் பேசலாம், பாரத்தை இறக்கி வைக்க முடியாது.

அதனால் நாங்கள் இரண்டு பேரும் ஆள் தேடத் தொடங்கினோம். தேடுவது என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கூட்டம் நடத்துகிறவர்கள் எங்கே காத்திருப்பார்களோ அங்கே நாமும் கொஞ்ச நேரம் கூட உட்கார வேண்டும். வங்கி வாசல், கலெக்டர் ஆபீஸ் மரத்தடி, மீனவர் குறைதீர் கூட்டம். கையில் நோட்டு இருக்கும், போன் ஓயாமல் அடிக்கும், எடுத்ததும் "நான் பாத்துக்கறேன், நீ சண்டை போடாத" என்பார்கள். அப்படித்தான் தொண்டி அண்ணன் கிடைத்தார். நாட்டுப்படகுக்காரர்கள் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர். கீழக்கரை லாத்தா தையல் படிக்கிற பெண்பிள்ளைகளை ஒன்றுசேர்த்து நடத்துகிறார். காரங்காட்டில் சதுப்பு நிலக்காட்டுக்குள் சுற்றுலாப் படகு விடுகிற பையன்களுக்கு முறை பிரித்துக் கொடுக்கும் தம்பி ஒருவர். ஏர்வாடிப் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்களைக் கூட்டி நடத்தும் ஓர் அக்கா. எங்களோடு சேர்த்து ஆறு பேர்.

தொழில் வேறு, சாமி வேறு, ஊர் வேறு. முதலில் எனக்கே சந்தேகம்தான்: மகளிர் குழுவுக்கும் படகுச் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்? இரண்டாவது சந்திப்பிலேயே அது போய்விட்டது. ஒரே ஆள் ஒவ்வொரு கூட்டத்திலும் குரலை உயர்த்தினால் என்ன செய்வது, பத்து வருடம் கூட இருந்தவரை விலகச் சொல்வது எப்படி, நமக்குப் பிறகு பொறுப்பை யாரிடம் கொடுப்பது, அவர்கள் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படிக் கொடுப்பது. ஆறு பேருக்கும் அதே கேள்விகள். ஒரே ஊர், ஒரே தொழில் என்றால் போட்டி வந்துவிடும். பக்கத்து ஊர்க் குழுவுக்குக் கடன் கிடைத்து நமக்குக் கிடைக்காவிட்டால் மனசு கேட்குமா? அந்தப் பேச்சுக்கே இங்கே இடமில்லை.

ஏர்வாடி அக்கா வந்த பிறகு எனக்கு இன்னொன்றும் விளங்கியது. பாசிக்காரப் பெண்கள் விரலில் துணி சுற்றி, கண்ணாடி போட்டு, இடுப்பில் வலைப்பையோடு முங்கி மரிக்கொழுந்து பாசியும் கட்டக்கோரையும் எடுப்பதை இந்தக் கரையில் எல்லாரும் பார்த்திருப்போம். மாதம் 12 நாள்தான் எடுப்பது, மற்ற நாளில் பாசியை வளரவிடுவது என்று அவர்களாகவே ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள். எங்கள் பாம்பனுக்குப் பக்கத்தில் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி என்ற வெளிநாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் விருது கிடைத்தது இந்தப் பெண்களை ஒன்றுசேர்த்ததற்காகத்தான். விருது வந்தபோது பெருமைப்பட்டேன், அதற்கு மேல் யோசிக்கவில்லை. ஏர்வாடி அக்கா ஒரு நாள் கேட்டார்: "நாங்க மட்டும் 12 நாளோட நிறுத்திட்டு பக்கத்து ஊர் நிறுத்தலைன்னா என்ன ஆகும்?" அதுதானே. கடலில் வேலி கிடையாது. ஒவ்வொரு ஊரிலும் பெண்களை நடத்துகிற ஒருத்தி, அடுத்த ஊரில் நடத்துகிற ஒருத்தியை நம்பினால்தான் அந்தக் கட்டுப்பாடு நிற்கும். கூட்டம் நடத்துகிறவர்கள் தங்களுக்குள் கை கோர்ப்பதை நாங்கள் ஆறு பேர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் கரையிலேயே அது இருந்திருக்கிறது.

சென்னையில் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் ஊருக்கு வந்தபோது இதைச் சொன்னேன். "அத்தை, நீங்க பாக்குற வேலைக்கு எங்க பக்கம் கம்யூனிட்டி மேனேஜர்னு பேரு" என்றான். அவர்களுக்கும் இதே குறை இருந்திருக்கிறது. ஒரு கம்பெனியில் அந்த வேலைக்கு ஒரே ஆள்தான் இருப்பாராம், அவர் படுகிற பாடு பக்கத்து மேசைக்குப் புரியாதாம். அப்படிப்பட்டவர்கள் ஒருவரையொருவர் சந்திக்க 2014-ல் அமெரிக்காவில் டேவிட் ஸ்பிங்க்ஸ் என்பவர் இன்னொருவரோடு சேர்ந்து சிஎம்எக்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கியிருக்கிறார். அதற்கு முன்பே, 2010-ல், ஜெரமையா ஓவ்யாங் என்பவர் இந்த வேலை பார்க்கிறவர்களுக்கு நன்றி சொல்ல ஒரு நாளைக் குறித்திருக்கிறார்: ஜனவரி மாதம் நாலாவது திங்கள்கிழமை. அங்கேயும் திங்கள்தான் என்று கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஜீன் லேவ் என்ற ஆய்வாளர் லைபீரியாவில் தையல்காரர்களிடம் தொழில் பழகுகிறவர்களைப் போய்ப் பார்த்த கதையும் சொன்னான். பழகுகிறவர்கள் குருவிடம் மட்டுமா கற்கிறார்கள், கூட உட்கார்ந்து தைக்கிறவர்களிடமும்தான் கற்கிறார்கள். அதைக் கீழக்கரை லாத்தாவிடம் சொன்னேன். "இதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா, என் பிள்ளைங்க காஜா எடுக்கப் பழகினதே பக்கத்துல இருக்கிறவளைப் பார்த்துத்தானே" என்றார்.

எங்களுக்கு விதி என்று எழுதி வைத்தது எதுவும் இல்லை. ஆனால் சிலதை விடாமல் பார்த்துக்கொள்கிறோம். எங்களுக்குள் பணம் புழங்கக்கூடாது. சீட்டு, கைமாற்று எதுவும் கிடையாது. அவரவர் கூட்டத்து ஆள் பெயரைச் சொல்லக்கூடாது, 'ஒரு தங்கச்சி', 'ஒரு மாமா' என்றே பேச வேண்டும். கேட்டதை ஊருக்கு எடுத்துப் போகக்கூடாது. ஒருவர் பேசி முடிக்கும் முன் யோசனை சொல்லக்கூடாது. இந்தக் கடைசியைக் கடைப்பிடிப்பதுதான் பெரும்பாடு. நாங்கள் எல்லாரும் தீர்ப்புச் சொல்லியே பழகியவர்கள், தொண்டி அண்ணன் இன்னும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்பார். மாதக் கடைசித் திங்கள், மனு வேலை முடிந்த பிறகு, அதே வேப்பமரம். சாப்பாடு அவரவர் கொண்டு வருவது. ஏழாவதாக ஓர் அரசு ஊழியரைச் சேர்க்கலாமா என்று ஒருமுறை பேச்சு வந்தது. நல்ல மனிதர்தான். ஆனாலும் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

எங்கள் ஆறு பேரில் மூன்று பேர் வடகடல், அதாவது பாக் விரிகுடாப் பக்கம்; மூன்று பேர் தென்கடல், மன்னார் வளைகுடாப் பக்கம். பார்த்து வைத்ததல்ல, அமைந்தது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடல் கொந்தளிப்பாக இருக்கும், எங்கள் பக்கம் தொழில் படுத்துவிடும், சண்டையும் தவணைத் தகராறும் எங்களுக்குத்தான். அப்போது வடகடல் அமைதியாக இருக்கும். திருப்பாலைக்குடி அக்காவுக்கு எங்களைக் கேட்க மனசும் நேரமும் இருக்கும். வடகிழக்கிலிருந்து வாடை தொடங்கினால் அப்படியே திரும்பிவிடும். ஆறு பேரும் ஒரே கடலாக இருந்திருந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் தவித்துக்கொண்டிருப்போம். எங்கள் ஆட்கள் படகை இந்தக் கடலிலிருந்து அந்தக் கடலுக்குக் கொண்டுபோய்ப் பிழைப்பது மாதிரி, நாங்கள் எங்கள் பாரத்தை மாற்றிக்கொள்கிறோம்.

இப்போது வாடை தொடங்கிவிட்டது. முந்தாநாள் ராத்திரி திருப்பாலைக்குடி அக்கா போன் பண்ணினார். மூன்று நிமிஷம்தான் பேசினார். "திங்கக்கிழமை நான்தான் முதல்ல பேசணும் தாயி" என்றார். சரி அக்கா என்றேன். மற்ற நாலு பேருக்கும் சொல்லிவிட்டேன்.

கல்யாண வீட்டில் என் கையைப் பிடித்த தங்கச்சியின் நம்பரையும் அவள் அத்தையிடம் வாங்கிவிட்டேன். எங்களோடு சேர்ந்தாலும் சரி, அவள் தனியாக நாலு பேரைத் தேடிக்கொண்டாலும் சரி. முதலில் ஒரு தடவை வந்து பார்க்கட்டும். பாம்பனிலிருந்து காலை பஸ்ஸில் நான் வருவேன், மண்டபத்தில் அவள் ஏறிக்கொள்ளலாம். தீர்மான நோட்டை மறக்காமல் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.