ரப்பர் பேண்ட் போட்ட கோடு

பதக்கம் என் கைக்கு ஒரு பழைய மைலோ டின்னில் வந்தது. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிற அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய அப்பாவை ஊரில் 'சோல்ஜர் தாத்தா' என்றுதான் சொல்வார்கள். கம்யூனிஸ்ட் காலத்தில் பட்டாளத்தில் இருந்து வீரப்பதக்கம் வாங்கியவர் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். "ஆயுத பூசைக்குள்ள இதுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி செஞ்சு குடு தம்பி. பளபளன்னு இருக்கணும்" என்றார். வார இறுதியில் ரப்பர் மரக் கட்டையில் படச் சட்டம் போடுவது என் பொழுதுபோக்கு. சாமி படம், கல்யாணப் படம் என்று நிறையச் செய்திருக்கிறேன். பதக்கத்துக்குச் செய்வது இதுதான் முதல் தடவை.

டின்னைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்தக் கறுப்புக் கோடு. வெள்ளிப் பதக்கத்தில் எலிசபெத் மகாராணியின் கன்னத்துக்குக் குறுக்கே, மை தடவி இழுத்த மாதிரி. காரணம் டின்னிலேயே இருந்தது. துணியோடு சேர்த்துக் கட்டியிருந்த ரப்பர் பேண்ட் இளகி, பாதி பதக்கத்தில் ஒட்டியிருந்தது. ரப்பரைப் பதப்படுத்தும்போது கந்தகம் சேர்க்கிறார்கள். கந்தகம் பட்டால் வெள்ளி கறுத்துவிடும். தாத்தாவின் அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். பதக்கத்தையும் கடைசியில் கித்தா, அதாவது ரப்பர், விடவில்லை.

அப்புறம் அடையாளம் பார்த்தேன். ஏமாற்றம்தான். பின்பக்கம் இறக்கை வைத்த வெற்றித் தேவதை, மேலே 'மலாயா' என்று எழுதிய பட்டை. இது 1918 முதல் 1962 வரை பிரிட்டிஷ் அரசு கொடுத்த பொதுச் சேவைப் பதக்கம். வீரத்துக்காகக் கொடுப்பதல்ல, கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் இங்கே பணியில் இருந்த ஆயிரக்கணக்கான சிப்பாய்களும் போலீஸ்காரர்களும் வாங்கியது. 1948 ஜூன் 16 அன்று எங்கள் ஊர்ப்பக்கத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டார்களே, அதையொட்டி வந்த அவசரகாலம். 1960 ஜூலை 31 வரை நீடித்தது. வீரப்பதக்கம் என்றால் அதன் மேலேயே எழுதியிருக்கும். மிலிட்டரி மெடலின் பின்பக்கத்தில் 'களத்தில் காட்டிய வீரத்துக்காக' என்ற பொருளில் வாசகம் உண்டு. நீல ரிப்பன் நடுவில் வெள்ளையும் சிவப்புமாகக் கோடுகள் ஓடும். இதில் அப்படி எதுவும் இல்லை. அண்ணனிடம் சொல்ல வாய் வரவில்லை. பெட்டியை முதலில் முடிப்போம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

பதக்கத்தின் விளிம்பில் சிப்பாயின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். எண்ணில் பாதி தேய்ந்துபோயிருந்தது. விசாரித்தால் அண்ணனின் அம்மா, எங்களுக்கெல்லாம் பாட்டி, பெருமையாகச் சொல்கிறார்: "வருசா வருசம் ஆயுத பூசைக்குப் புளியும் சாம்பலும் போட்டு நான்தானே தேய்ப்பேன்." குத்துவிளக்குக்குச் செய்கிற அதே வைத்தியம். வெள்ளி மென்மையான உலோகம். அறுபது வருடச் சாம்பலை அது எப்படித் தாங்கும்? தெரிந்த மட்டில், எல்லா இனத்தவரையும் சேர்த்து 1952-ல் தொடங்கிய ஃபெடரேஷன் ரெஜிமெண்ட் அவருடையது. பெயரில் ஓர் எழுத்து அடையாள அட்டையோடு இடிக்கிறது. நம் பெயர்களை அந்தக் கால கிராணிமார், அதாவது குமாஸ்தாக்கள், எழுதிய அழகு தெரிந்ததுதானே.

சுத்தம் செய்ததைச் சொல்ல அதிகம் இல்லை. ஒட்டியிருந்த ரப்பரைப் பல்குத்தியால் மெதுவாக எடுத்தேன். காய்ச்சி வடித்த தண்ணீர், பருத்தித் துணி, அவ்வளவுதான். கடையில் விற்கிற பாலிஷைத் தொடவில்லை. அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் சுடுதண்ணீரும் போட்டால் கறுப்பு போய்விடும் என்று தெரியும். கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். இந்தப் பதக்கம் பட்டது போதும். கோடு லேசாக மங்கியது, மறையவில்லை.

அடுத்தது ரிப்பன். பழையது வெளுத்து, ஓரம் நைந்திருந்தது. 32 மில்லிமீட்டர் அகலம், ஊதா நிறம், நடுவில் பச்சைக் கோடு. ஆன்லைனில் வாங்கினேன். வந்தது ஊதாதான், ஆனால் பச்சை இரண்டு ஓரத்திலும்! 1962-க்குப் பிறகு வந்த பதக்கத்தின் ரிப்பன் அது. பெயர் ஒன்றேபோல இருந்ததால் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் காசு கட்டிவிட்டேன். திரும்ப வாங்க மாட்டோம் என்றார்கள். சரி, என் தப்பும் பாதி. சரியான ரிப்பன் வர இன்னும் இரண்டு வாரம் ஆனது.

அந்த இரண்டு வாரத் தாமதம்தான் நல்லதாகப் போயிற்று. சும்மா இருக்க முடியாமல் பழைய ரிப்பனை வெள்ளைத் தாளில் விரித்து அளவெடுத்துக்கொண்டிருந்தேன். நடுவில் இரண்டு பொடி ஓட்டைகள். பூச்சி அரித்தது என்று நினைத்தேன். ஆனால் பூச்சி இத்தனை சுத்தமாக அரிக்காது. வெயிலில் பிடித்தால், ஓட்டைகளைச் சுற்றி நிறம் கொஞ்சம் கூடுதல் அழுத்தமாக, சாய்வாக, ஒரு சின்ன இலை வடிவில் தெரிந்தது. அந்த இடம் மட்டும் வெளுக்கவில்லை. எதுவோ வருடக்கணக்கில் அதை மூடியிருந்திருக்கிறது.

அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். "இதில் இலை மாதிரி ஏதாவது குத்தியிருந்ததா பாட்டி?" பாட்டி நிதானமாக வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "அதுவா? துணியத் துவைக்கும்போது கழட்டினேன். சாமி மேடையில இருக்கு பாரு" என்றார். முருகன் படத்துச் சரிகைத் துணியில், வேலுக்குப் பக்கத்தில், சந்தனம் அப்பிய ஒரு வெண்கல இலை. பின்னால் இரண்டு கம்பிக் கால்கள்.

ஓக் இலை. போர்க்களத்தில் சிறப்பாக நடந்துகொண்டவரின் பெயரைத் தளபதி தன் அறிக்கையில் குறிப்பிட்டு மேலிடத்துக்கு அனுப்புவார். பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட்டில் பெயர் வரும். அப்படிக் குறிப்பிடப்பட்டவருக்குத் தனிப் பதக்கம் கிடையாது. சேவைப் பதக்கத்தின் ரிப்பனில் இந்த இலையைக் குத்திக்கொள்ளலாம், அவ்வளவுதான். வெள்ளியில் வாகை இலை என்றால் அது வேறு பாராட்டு, அதனால் சந்தனத்தைத் துடைத்து இரண்டு முறை பார்த்தேன். வெண்கலம்தான், ஓரமும் ஓக் இலை போலவே வளைந்து வளைந்து இருந்தது. இதே அவசரகாலத்தில்தான் சரவாக்கிலிருந்து வந்த இபான் பழங்குடி வீரர் அவாங் அனாக் ராவாங் 1951-ல் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதுகளில் ஒன்றான ஜார்ஜ் கிராஸ் வாங்கினார். அந்த வரிசையில் எங்கள் தாத்தாவின் இலை அடிப்படியில் இருக்கிறது. இருக்கட்டுமே, வரிசையில் இருக்கிறது.

அப்படி என்ன செய்தார்? அண்ணன், அடிபட்ட கூட்டாளியை முதுகில் சுமந்து ஆற்றைக் கடந்தார் என்கிறார். பேரன், தனியாளாக நாலு பேரைச் சுட்டார் என்கிறான். பாட்டி, "அதெல்லாம் இவனுங்க சேத்துச் சொல்றது. அவர் வாயத் தொறந்தா மழையும் அட்டையும்தான்" என்றார். நான் பாட்டி பக்கம்.

பெட்டிக்கு வருகிறேன். உள்ளளவு 14-க்கு 20 சென்டிமீட்டர், ஆழம் 3. மருந்தேற்றிய ரப்பர் மரம். பச்சை மரத்தில் செய்தால் சீக்கிரமே பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்துவிடும். உள்ளே கம்பளி வைக்காமல் துவைத்துக் காயவைத்த பருத்தித் துணி வைத்தேன், ஏனென்றால் கம்பளியிலும் கந்தகம் உண்டு. கண்ணாடிக்கு ரப்பர் பட்டை வைக்க எடுத்தவன், கோட்டைப் பார்த்துவிட்டுக் கீழே போட்டேன். பதக்கத்தை ஒட்டாமல், வெள்ளை நூலால் மூன்று இடத்தில் கட்டினேன். வாங்கிய புது ரிப்பன் இரண்டுமே இப்போது என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. இலையின் நிழல் விழுந்த பழைய ரிப்பனை மாற்ற மனம் வரவில்லை.

பளபளப்பு இல்லையே என்று அண்ணன் முகம் சுருங்கியது. இலையைப் பற்றிச் சொன்னதும் சுருக்கம் போய்விட்டது. ஆனால் இலையைக் கேட்டால் பாட்டி தரவில்லை. "முருகன்கிட்ட இருக்கறத எடுக்கக் கூடாது." மூன்று நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு இரண்டு நிபந்தனை போட்டார். பெட்டி ஹாலில் மாட்டக் கூடாது, சாமி மேடையில்தான் இருக்க வேண்டும். ஆயுத பூசைக்கு அவர் கையாலேயே திறந்து பொட்டு வைக்க வேண்டும். ஆணியடித்து மூடிய பின்பலகையைக் கழற்றி, கையால் திருப்பினாலே திறக்கிற மாதிரி நாலு மரத் தாழ்கள் போட்டேன். ஓட்டையைப் பெரிதாக்காமல் இலையை அதே இரண்டு ஓட்டையில், அதே சாய்வில் குத்தினேன்.

புளி வேண்டாம் பாட்டி, சந்தனத்தைக் கண்ணாடி மேல் மட்டும் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். "பாக்கலாம்" என்றார்.