உலை அவிந்த இடத்தில் ஒரு பூங்கா

ஜெர்மனியின் ரூர் பகுதியில், டூய்ஸ்பூர்க் நகரின் மத்திய ரயில் நிலையத்திலிருந்து 903ஆம் எண் டிராமில் வடக்கே சென்று இறங்கிச் சற்று நடந்தால், வீடுகளுக்குப் பின்னால் துருவேறிய புகைபோக்கிகளும், தாதுவை உருக்கி இரும்பெடுத்த ஊது உலைகளும் ஓங்கி நிற்கின்றன. 1901இல் தொழிலதிபர் ஆகஸ்ட் தைஸன் தொடங்கி, 1985இல் மூடப்பட்ட இரும்பாலை அது. இடித்துவிடும் யோசனையை உள்ளூர் மக்கள் பலர் எதிர்த்தார்கள். பின்னர் 1991இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் வென்ற நிலவடிவமைப்பாளர் பேட்டர் லாட்ஸ், உலைகளையும் கிடங்குகளையும் நிறுத்திவைத்து அவற்றையே ‘லாண்ட்ஷாஃப்ட்ஸ்பார்க்’ என்ற பூங்காவாக்கினார். பரப்பு ஏறக்குறைய 180 ஹெக்டேர். நுழைவுக் கட்டணம் கிடையாது.

இங்கே வருபவர்கள் இரும்புத்தாது சென்ற வழியிலேயே நடக்க வேண்டும் என்பது என் கருத்து. தாதுவைக் கொட்டிவைத்த கிடங்குகளின் தடித்த கான்கிரீட் சுவர்களில் இன்று மலையேறும் சங்கத்தினர் பயிற்சி செய்கிறார்கள். கூரையற்ற வேறு சில கிடங்குகளுக்குள் சிறு தோட்டங்கள் வளர்வதை மேலிருக்கும் நடைபாதையிலிருந்து பார்க்கலாம். அங்கிருந்து ஐந்தாம் எண் ஊது உலைக்குப் போய், சுமார் 70 மீட்டர் உயரத்துக்கு இரும்புப் படிகளில் ஏறினேன். காற்றை ஊதிய குழாய்கள், உருகிய இரும்பு வழிந்தோடிய வாய்க்கால்கள் எல்லாம் அந்தந்த இடத்திலேயே இருப்பதால், அங்கு வேலை எப்படி நடந்திருக்கும் என்பது தொழில்நுட்பம் அறியாதவருக்கும் விளங்குகிறது. உச்சியில் நின்றால், மேற்கே ரைன் நதிக்கரையில் இன்றும் இயங்கும் உருக்காலைகள் தெரிகின்றன. கீழே, வார்ப்புக்கூடத்தில் கிடந்த 49 கனத்த இரும்புத் தகடுகளைச் சதுரமாகப் பதித்து ஒரு திடல் அமைத்திருக்கிறார்கள். வெப்பம் அரித்த தழும்புகளோடு அவை இப்போது மழையில் துருவேறுகின்றன.

பழைய எரிவாயுக் கலத்தில் 2 கோடியே 10 லட்சம் லிட்டர் நீர் நிரப்பி, ஆழ்நீச்சல் பழகும் இடமாக்கியிருப்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என் மனத்தில் பதிந்ததோ, பூங்காவின் ஊடே ஓடும், எம்ஷர் ஆற்றின் பழைய கால்வாய். சுரங்கம் தோண்டிய இந்தப் பகுதியில் நிலம் அமிழ்ந்துகொண்டே இருந்ததால், புதைத்த குழாய்கள் உடைந்துவிடும் என்று கழிவுநீரை நெடுங்காலம் திறந்த கால்வாயிலேயே ஓடவிட்டார்கள். சுரங்கத் தொழில் இங்கிருந்து விலகிய பிறகே அதை நிலத்தடிக் குழாய்க்கு மாற்ற முடிந்தது. இன்று மேலே ஓடுவது கூரைகளிலும் தளங்களிலும் விழுந்து, பழைய ஆலைக் குழாய்கள் வழியாக வந்து சேரும் மழைநீர்.

மண்ணின் நஞ்சை மட்டும் அவ்வளவு எளிதாக மாற்ற முடியவில்லை. தாதுத்தூளைச் சுட்டுக் கட்டியாக்கிய, மாசு மிகுந்த சின்டர் ஆலையை இடிக்க வேண்டியதாயிற்று. மற்ற இடங்களில் மண்ணை முழுவதும் அள்ளி அகற்றிவிட்டுப் புல்வெளி விரிப்பதற்குப் பதிலாக, கரிக்கழிவிலும் கசடிலும் தாமாக முளைத்த பிர்ச் மரங்களையும் புதர்களையும் வளரவிட்டிருக்கிறார்கள். பூந்தோட்டத்தை எதிர்பார்த்து வருபவருக்கு இது ஏமாற்றம் தரலாம். நிலத்துக்குத் தொழில் செய்த கேட்டை மறைக்காமல், அது ஆறுவதற்கான காலத்தையும் கொடுத்திருக்கும் இந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். போகிறவர்கள் உலையிலிருந்து இறங்கியதும் திரும்பிவிடாமல், இந்தப் புதர்க்காட்டுப் பகுதிக்கும் நேரம் ஒதுக்குங்கள்.